பை ரயிலில், ஆள் பிளாட்பாரத்தில்

எந்த வளைவில் நிற்கலாம், எந்த நேரத்தில் வெயில் இன்ஜினின் முகத்தில் விழும், எந்த லென்ஸ் போதும் என்று இதுவரை நிறையச் சொல்லிவிட்டேன். இந்த அத்தியாயத்தில் அவை குறைவு. படமெடுக்கப் போன ஊரில் நம்மை நாமே எப்படித் தொலைத்துக்கொள்கிறோம் என்பதுதான் இங்கே பேச்சு. அதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. ஒரு பிப்ரவரி மாதம், ஜெர்மனியின் ஒரு மலை நிலையத்தில், கோட்டு இல்லை, பாஸ்போர்ட் இல்லை, போன் இல்லை, கழுத்தில் கேமரா மட்டும் என்ற கோலத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றவன் நான்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்களும் போகத்தான் போகிறீர்கள். ஹார்ட்ஸ் மலைத்தொடரில் சுமார் 140 கிலோமீட்டருக்கு மீட்டர் கேஜ் பாதை இருக்கிறது. திருவிழாவுக்கு ஒருநாள் கொளுத்திக் காட்டும் நீராவி இன்ஜின் அல்ல. அட்டவணைப்படி அன்றாடம் ஓடும் நீராவி. வெர்னிகெரோடே நகரத்தில் கடல்மட்டத்திலிருந்து 234 மீட்டரில் கிளம்பும் வண்டி, ப்ரோக்கன் சிகரத்தில் 1,125 மீட்டரில் போய் நிற்கிறது. நம் நீலகிரி ரயிலோடு ஒப்பிடாமல் இருக்க முடியாது. இரண்டும் மீட்டர் கேஜ். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை பாதை திறந்த 1899ஆம் ஆண்டில்தான், வெர்னிகெரோடேவிலிருந்து நோர்ட்ஹவுசன் போகும் ஹார்ட்ஸ் பாதையும் முழுமையாகத் திறந்தது. ஆனால் நம்முடையது பன்னிரண்டடிக்கு ஓரடி ஏறும். பல்சக்கரம் இல்லாமல் முடியாது. ப்ரோக்கன் பாதையில் பல்சக்கரமே கிடையாது. முப்பதுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில், சிகரத்தை ஒன்றரைச் சுற்று சுற்றிக்கொண்டு, சக்கரப் பிடிமானத்தை மட்டும் நம்பி ஏறுகிறது. ஐந்து ஜோடி இயக்குச் சக்கரமும் சுமார் 700 குதிரைத்திறனும் கொண்ட இன்ஜின்கள், பெரும்பாலும் 1950களில் பாபெல்ஸ்பெர்க் தொழிற்சாலையில் செய்தவை. அவை மூச்சுவிடும் சத்தத்தைக் கேட்டுவிட்டால் உங்களுக்கும் புத்தி கொஞ்சம் பிசகும். எனக்குப் பிசகியது.

படத்துக்கான குறிப்புகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வெர்னிகெரோடே நிலையத்தை ஒட்டியே இன்ஜின் ஷெட் இருக்கிறது. அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு மேடையும் உண்டு. காலையில் முதலில் அங்கே நில்லுங்கள். அடுத்த நிலையமான வெஸ்டர்ன்டோர் அருகே ரயில் சாலையைக் கடக்கும். கார்களும் சைக்கிள்களும் காத்து நிற்க, நடுவே கறுப்பு இன்ஜின். முக்கியமான விஷயம்: ப்ரோக்கனுக்கு ஏறும்போது இன்ஜினின் புகைபோக்கி முன்னால் இருக்கும். இறங்கும்போது அது பின்பக்கமாகவே ஓடி வரும். முகம் வேண்டும், புகை வேண்டும், உழைப்பு தெரிய வேண்டும் என்றால் ஏறும் வண்டியை மட்டும் எடுங்கள். இறங்கும் வண்டிக்குக் காத்திருந்து பகலை வீணாக்காதீர்கள். சிகரத்தில் ஆண்டுக்குச் சுமார் 300 நாள் மூடுபனி. அதனால் உச்சியில்தான் படம் என்று பிடிவாதம் பிடிக்காமல், மேகத்துக்குக் கீழே இருக்கும் காட்டிலேயே பாதி வேலையை முடித்துவிடுங்கள். பனியில் கேமரா சொல்லும் அளவை நம்பினால் வெள்ளை சாம்பலாகிவிடும். ஒரு ஸ்டாப் கூட்டி வையுங்கள். பேட்டரி குளிரில் சீக்கிரம் சாகும். மாற்று பேட்டரியை உடம்புச் சூடு படும் உள்பையில் வைக்க வேண்டும்.

அந்த உள்பை, கோட்டின் உள்பை. கதை அங்கேதான் தொடங்குகிறது.

வெர்னிகெரோடேவிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் டிரை அன்னன் ஹோனே என்ற நிலையம் வரும். காட்டு நடுவே ஒரு சந்திப்பு. இங்கிருந்துதான் ப்ரோக்கன் பாதை தனியாகப் பிரிகிறது. மற்றது நோர்ட்ஹவுசன் பக்கம் போகிறது. ஏற்றத்துக்கு முன் இன்ஜின் இங்கே தண்ணீர் பிடிக்கும். அதனால் வண்டி கொஞ்ச நேரம் நிற்கும். இரண்டு பாதை வண்டிகளும் ஒரே நேரத்தில் நின்று, பக்கத்தில் பக்கமாக ஒரே திசையில் கிளம்பும் காட்சியும் சில வேளைகளில் கிடைக்கும். உலகம் முழுவதிலிருந்தும் ரயில் பைத்தியங்கள் இங்கே வந்து பிளாட்பார முனையில் குவிவது அதற்காகத்தான்.

இன்ஜினின் நீராவியே குழாய் வழியாக வந்து பெட்டிகளைச் சூடாக்குகிறது. உள்ளே வெதுவெதுப்பு, ஜன்னலோரம் கொக்கி, கொக்கியில் என் கோட்டு. வண்டி நின்றதும் ஸ்வெட்டரோடு இறங்கிவிட்டேன். இரண்டு நிமிஷ வேலை, எதற்குக் கோட்டு? வெளியே பூஜ்யத்துக்குக் கீழே ஆறு டிகிரி. அடுத்த தண்டவாளத்தில் நோர்ட்ஹவுசன் பக்கம் போகும் வண்டி வந்து நின்றிருந்தது. ஆகா, ஜோடிப் புறப்பாடு! பனியில் சறுக்காமல் பிளாட்பாரத்தின் முன் முனைக்கு நடந்தேன். தண்ணீர் பிடிப்பதை எடுத்தேன். இன்ஜினுக்கு அடியில் விளக்கோடு குனிந்து பார்த்த டிரைவரை எடுத்தேன். பிறகு இன்னும் முன்னே போய், இரண்டு இன்ஜின்களும் சட்டத்துக்குள் வரும்படி திரும்பி நின்றேன்.

நான் நடந்து வந்தபோது என் வண்டி எனக்கு வலக்கைப் பக்கம் இருந்தது. மனதில் அப்படியே பதிந்துவிட்டது: வலது என்னுடையது, இடது மற்றவனுடையது. முன்னால் போய் வண்டிகளைப் பார்த்துத் திரும்பி நின்றால் வலது இடதாகும், இடது வலதாகும் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். வியூஃபைண்டரில் கண் வைத்திருப்பவனுக்கு மட்டும் தெரியாது. இரண்டு வண்டியின் பெட்டிகளும் ஒரே மாதிரி சிவப்பும் வெளிர்மஞ்சளும். விசில் ஊதியது. இடப்பக்க இன்ஜின் ஒரு வெள்ளைக் குன்றை ஊதித் தள்ளிக்கொண்டு நகர்ந்தது. ‘போகட்டும், அது போன பிறகு ஏறிக்கொள்ளலாம்’ என்று நிம்மதியாக எடுத்துக்கொண்டே இருந்தேன். இன்ஜின் என் அருகே வந்தபோது, நம்பர் பலகையின் கடைசி இரண்டு எண்களை வழக்கம்போல மனசுக்குள் படித்தேன். காலையில் வெர்னிகெரோடே ஷெட்டிலிருந்து வந்து எங்கள் வண்டியில் கோத்த அதே எண்.

ஓடினேன். ரயில்வே பணிமனையின் சங்குச் சத்தம் கேட்டு வளர்ந்த பொன்மலைக்காரன் வேறு என்ன செய்வான்? வண்டி நகர்ந்த பிறகு ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துத் தொற்றிக்கொள்வது நமக்கு ஒரு கலையாகவே ஆகிவிட்டது. டீ வாங்க இறங்குவோம், தண்ணீர் பிடிக்க இறங்குவோம், எட்டிப் பார்க்க இறங்குவோம். ரயில் ஒரு குலுங்கு குலுங்கி நகரும்வரை அது நம்மை விட்டுப் போகும் என்று நம்பவே மாட்டோம். அந்தப் பழக்கத்தை நான் விமானத்தில் என்னோடு கொண்டுபோயிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசிப் பெட்டியின் திறந்த முகப்பில் நின்ற கார்டு, உள்ளங்கையை என் பக்கம் விரித்து, தலையைப் பலமாக ஆட்டினார். கோபமில்லை; வேண்டாம், வராதே என்ற சைகை. நான் நின்றேன், அதாவது கால் நின்றது, உடம்பு பனியில் நாலடி சறுக்கிப் போய் உட்கார்ந்தது. கேமராவைத் தூக்கிப் பிடித்திருந்ததால் அது பிழைத்தது. முழங்கை வீங்கியது.

இங்கே முதல் பாடத்தை எழுதிக்கொள்ளுங்கள்: நகரும் வண்டியில் ஏறவே கூடாது. ஐரோப்பாவின் புதிய ரயில்களில் நினைத்தாலும் முடியாது. புறப்படும் நேரத்துக்குச் சில வினாடி முன்பே கதவு பூட்டிக்கொள்ளும், உள்ளே இருப்பவர் நினைத்தாலும் திறக்க வராது. இப்படித் திறந்த முகப்புள்ள பழைய பெட்டிகளில்தான் ஆபத்து, ஏனென்றால் அவை நம்மைக் கூப்பிடுவது போலவே இருக்கும். வண்டியை விட்டால் நஷ்டம் சில மணி நேரம்தான்.

கையில் இருந்தது, இல்லாதது

வண்டியின் வால் காட்டுக்குள் மறைந்த பிறகு கணக்குப் பார்த்தேன். இருந்தவை: கேமரா, அதன் லென்ஸ், கைக்குட்டை, கால்சட்டைப் பையில் ஒரு சூயிங்கம். போனவை: பாஸ்போர்ட், பணம், வங்கி அட்டை, போன், டிக்கெட், ஓட்டல் சாவி. எல்லாமே ஒரே கோட்டின் பைகளிலும், பக்கத்தில் இருந்த தோள்பையிலும். ஓட்டலின் பெயர் நினைவில்லை. பச்சைக் கதவு என்பது மட்டும் தெரியும். மனைவியின் போன் நம்பர் தெரியாது, அது போனுக்குத்தான் தெரியும். எனக்கு மனப்பாடமாக இருந்த ஒரே நம்பர், எப்போதோ நாங்கள் துண்டித்துவிட்ட வீட்டு லேண்ட்லைன்.

அன்றிலிருந்து என் முறை இது. பாஸ்போர்ட்டும் ஒரு வங்கி அட்டையும் சட்டைக்கு உள்ளே, கழுத்தில் தொங்கும் துணிப்பையில். குளிக்கும்போதும் தூங்கும்போதும் தவிர அது கழற்றப்படாது. இன்னொரு அட்டையும் 100 யூரோவும் வேறு இடத்தில், அதாவது ஓட்டல் பெட்டியில். போன், கால்சட்டைப் பையில்; கோட்டுப் பையில் ஒருபோதும் இல்லை. அஞ்சலட்டையில் பாதி அளவு ஒரு அட்டையில் தங்கும் இடத்தின் பெயர், முகவரி, வீட்டு நம்பர், பாஸ்போர்ட் எண், காப்பீட்டு எண் ஆகியவற்றைப் பேனாவால் எழுதிக் கேமரா பைக்குள் ஒன்று, பர்ஸில் ஒன்று. போனில் ஏற்றிவைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போனும் சேர்ந்துதானே மலையேறியது?

பாஸ்போர்ட் உண்மையிலேயே தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் உள்ளூர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதன் நகலை வாங்குங்கள்; அது இல்லாமல் அடுத்த கதவு திறக்காது. பிறகு இந்தியத் தூதரகம். ஜெர்மனியில் பெர்லினில் தூதரகமும், ஹாம்பர்க், ஃபிராங்க்ஃபர்ட், மியூனிக் நகரங்களில் துணைத் தூதரகங்களும் இருக்கின்றன. ஊர் திரும்ப மட்டும் போதுமென்றால் எமர்ஜென்சி சர்டிபிகேட் தருவார்கள். அது இந்தியாவுக்கு ஒருவழிப் பயணத்துக்கானது, அதை வைத்துக்கொண்டு அடுத்த நாட்டுக்கு ரயில் பார்க்கப் போக முடியாது. உயிருக்கு ஆபத்து என்றால் ஐரோப்பா முழுவதும் 112. காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை: ஷெங்கன் விசாவுக்காக 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு எடுத்திருப்பீர்கள், ஆனால் மருத்துவம் வேறு, சாமான் வேறு. சாமானுக்கும் சேர்த்து எடுத்திருந்தாலும், ஆளில்லாமல் விட்டுவைத்த பைக்குப் பணம் கிடையாது என்று பல பாலிசிகளில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். ‘படமெடுக்க இறங்கினேன்’ என்பதை அந்தப் பொடி எழுத்து ஏற்காது.

நிலையத்து அறைக்குள் போனேன். சீருடை அணிந்த ஓர் அம்மையார் இருந்தார். எனக்கு ஜெர்மன் வராது, அவருக்கு ஆங்கிலம் பத்து வார்த்தை. கோட்டு என்றேன், பை என்றேன், ரயில் என்றேன், மேலே என்று விரலைக் காட்டினேன். அவர் பார்த்த பார்வையில், வாரத்துக்கு ஒருவனாவது இப்படி வருவான் என்று தோன்றியது. எந்தப் பெட்டி என்று கேட்டார். இங்கேதான் என் பைத்தியம் என்னைக் காப்பாற்றியது. நம்பர் பலகை எதைக் கண்டாலும் படமெடுக்கும் வியாதி எனக்கு உண்டு. காலையில் ஏறும்போதே பெட்டியின் நம்பரை எடுத்திருந்தேன். உள்ளே உட்கார்ந்து வெளிச்சம் சோதிக்க எடுத்த படத்தில் இருக்கையும், மேலே என் பையும், கொக்கியில் கோட்டும் அழகாக விழுந்திருந்தன. கேமராவின் சின்னத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, நம்பரைச் சீட்டில் எழுதி, போனை எடுத்தார்.

எனக்குத் தற்செயலாகக் கிடைத்ததை நீங்கள் வேண்டுமென்றே செய்யுங்கள். ஏறியவுடன் மூன்று படம்: பெட்டி நம்பர், உங்கள் இருக்கையும் சாமானும், வண்டியின் இன்ஜின் நம்பர். இறங்கினால் திரும்பி ஏற வேண்டிய வண்டியை அதன் எண்ணால் நினைவு வையுங்கள். வலது, இடது, சிவப்பு, மூன்றாவது என்பதையெல்லாம் நம்பாதீர்கள். பாஷை தெரியாத ஊரில் கேமராத் திரைதான் நல்ல மொழிபெயர்ப்பாளர்.

விவரம் கேட்டு முடித்தவர், விரலால் மேலே காட்டி, பிறகு கீழே இறக்கி, தரையைத் தட்டினார். மேலே போனது இங்கேயே வந்துதான் தீர வேண்டும். முட்டுப்பாதையில் ரயிலைத் தவறவிடுவதன் சௌகரியம் அது. இதையே ஒரு பெரிய சந்திப்பில் செய்திருந்தால் என் கோட்டு அன்றிரவு ஹாம்பர்க்கில் தூங்கியிருக்கும். அப்படி ஆனால் ஃபுண்ட்ப்யூரோ என்ற சொல்லைத் தேடுங்கள். தொலைந்த பொருள் அலுவலகம் என்று அர்த்தம்.

காத்திருந்த நேரத்தில் யோசித்த மற்றவை

அந்த அறையில் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மையார் ஊற்றிக் கொடுத்த சர்க்கரையில்லாத தேநீரைக் குடித்தபடி, இதற்கு முன்பு தப்பிப் பிழைத்தவற்றை எண்ணிப் பார்த்தேன். ஜெர்மன் நிலையங்களில் கால அட்டவணை இரண்டு தாள்களாக ஒட்டியிருக்கும். மஞ்சள் தாள் புறப்பாடு, மேலே ஆப்ஃபார்ட் என்று இருக்கும். வெள்ளைத் தாள் வருகை, அன்குன்ஃப்ட். அவசரத்தில் வெள்ளைத் தாளைப் படித்து, வராத வண்டிக்குக் காத்திருந்தவர்களில் நானும் ஒருவன். இன்னொன்று, வழியில் இரண்டாகப் பிரியும் வண்டிகள். முன்பாதி ஓர் ஊருக்கு, பின்பாதி வேறு ஊருக்கு. முன்னால் நின்று இன்ஜினைப் படமெடுத்துவிட்டு, கிடைத்த கதவில் ஏறி உட்கார்ந்தால், உங்கள் நண்பர் ஒரு பள்ளத்தாக்கிலும் நீங்கள் இன்னொன்றிலும் போய்ச் சேர்வீர்கள். பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்த பிறகே காலை வையுங்கள்.

தண்டவாளத்தில் இறங்கிப் படமெடுப்பது பற்றி முந்தைய அத்தியாயத்திலேயே திட்டியிருக்கிறேன், மறுபடியும் திட்டவில்லை. பிரிட்டனில் பிளாட்பாரத்தில் ஃபிளாஷ் போடக்கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். டிரைவரின் கண் கூசினால் சிக்னல் தெரியாது. ப்ரோக்கன் உச்சிக்கு அருகே கோதே பெயரிலான நடைபாதை தண்டவாளத்தை ஒட்டியே போகிறது. அதில் நின்றால் சட்டமும் கெடாது, படமும் கிடைக்கும்.

எங்கே கேமராவை எடுக்கிறோம் என்பது ரயிலைவிடப் பெரிய விஷயம். அதே ப்ரோக்கன் சிகரம் 1961இலிருந்து 1989 டிசம்பர் வரை கிழக்கு, மேற்கு ஜெர்மனிகளின் எல்லைப் பகுதி என்று பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்தது. உச்சியில் ஒட்டுக்கேட்கும் நிலையங்கள் இருந்தன. பயணிகள் ரயில் மறுபடி ஏறியது 1991 செப்டம்பரில்தான். இன்று நாம் சாவகாசமாகப் படமெடுக்கும் இடத்தில், அன்றைக்கு ஒரு தலைமுறை அண்ணாந்து பார்த்ததோடு சரி. அதெல்லாம் பழைய காலம் என்பவர்கள் கிரேக்க நாட்டில் நடந்ததைக் கேளுங்கள். 2001 நவம்பரில் கலமாட்டா ராணுவ விமானதளத்துக்கு, விமானம் பார்ப்பதையே பொழுதுபோக்காகக் கொண்ட பன்னிரண்டு பிரிட்டிஷ்காரர்களும் இரண்டு டச்சுக்காரர்களும் போனார்கள். விமானங்களின் எண்களை நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார்கள். உளவு பார்த்ததாகக் கைதானார்கள். 2002 ஏப்ரலில் தண்டனை, அதே ஆண்டு நவம்பரில் மேல்முறையீட்டில் விடுதலை. எண்ணைக் குறிப்பதில் என்ன சுகம் என்று நீதிமன்றத்துக்குப் புரிய வைப்பதுதான் அவர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. வீட்டிலேயே நமக்குப் புரிய வைக்க முடிவதில்லை. ஆகவே ராணுவ வண்டி, துறைமுகப் பாதை, எல்லைப்புற நிலையம் தெரிந்தால் கேமராவை உள்ளே வையுங்கள். சீருடைக்காரர் படத்தை அழி என்றால் வாதாடாமல், சிரித்த முகத்தோடு, எதற்காக எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். மற்ற இன்ஜின் படங்களைக் காட்டினால், இது உளவு இல்லை, பைத்தியம்தான் என்பது அவருக்கே தெரிந்துவிடும்.

ஜன்னலுக்கு வெளியே அந்த நேரத்தில் இன்னும் இரண்டு வண்டிகள் வந்து போயின. ஒரு படமும் எடுக்கவில்லை. கேமரா பேட்டரி அம்மையாருக்குப் பெட்டி நம்பரைக் காட்டியதோடு செத்துவிட்டது. மாற்று பேட்டரி, ஏற்கெனவே சொன்னேனே, கோட்டின் உள்பையில் பத்திரமாக மலையுச்சியில் இருந்தது.

இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு, பின்பக்கமாக ஓடிக்கொண்டு என் இன்ஜின் இறங்கி வந்தது. அதே கார்டு. ஒரு கையில் தோள்பை, இன்னொரு கையில் கோட்டு, யாரோ குழந்தையைத் தூக்கி வருவதைப்போல நீட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பாஸ்போர்ட்டைத் திறந்து படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முழங்கையைப் பார்த்தார். நன்றி சொல்ல எனக்குத் தெரிந்த ஒரே ஜெர்மன் சொல்லை நாலு முறை சொன்னேன். அவர் டிக்கெட்டைக் கோட்டுப் பையிலிருந்து எடுக்கச் சொல்லி, அதில் ஏதோ எழுதிக் கொடுத்தார். அடுத்து மேலே போகும் வண்டியில் அதைக் காட்டினால் போதும் என்று அம்மையார் சைகையில் விளக்கினார். அன்றைக்கு நான் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது மூடுபனியில் என் கையே எனக்குத் தெரியவில்லை.

அந்தப் புறப்பாட்டுப் படத்தைத்தான் இந்த நூலின் அட்டையில் போட்டிருக்கிறேன். பனி, புகை, இரண்டு இன்ஜின்கள், மரங்களுக்கிடையே சாய்ந்து விழும் வெயில். பார்த்தவர்கள் எல்லோரும் இன்ஜினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பெரிய அளவில் அச்சடித்தபோது என் மனைவிதான் கண்டுபிடித்தாள்: இடப்பக்க வண்டியில், மூன்றாவது பெட்டியின் ஜன்னலில், சாம்பல் நிறத்தில் ஏதோ தொங்குகிறது. “ஏங்க, இது உங்க கோட்டுதானே?”